நாவற்பழம்: உணவாகவும் மருந்தாகவும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் நாவல் மரத்தை அறியாத கமக்காரர் இலர். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் ஆகிய பெருங்குளங்களின் கீழ் நெல் விளைவிப்போரும், சிறுகுளங்களையும் கிணறுகளையும் நம்பி மரக்கறி செய்வோரும் ஒருங்கே பழகிய மரம் இது. சோளகக் காற்று வீசும் கோடை நாட்களில், சிறுபோகப் பயிர் வயலில் நிற்கும் வேளையில், ஆனி முதல் ஆவணி வரை இதன் பழங்கள் கனிந்து உதிர்கின்றன. சிறுவர் அவற்றைப் பொறுக்கியுண்டு நாவை ஊதா நிறமாக்கிக் கொள்வர். எஞ்சிய பழங்கள் நிலத்திற் கிடந்து அழுகும். அவ்வாறு அழுகிய பழத்தின் கொட்டையைச் சிலர் எடுத்து, இடித்துத் தூளாக்கி, சலரோகம் எனப்படும் நீரிழிவு நோய்க்கு மருந்தாக உட்கொள்வர்.

உணவாகக் கொள்ளத்தக்க பழம் இவ்வாறு வீணாகின்றது. அளவறிந்து கொள்ளவேண்டிய மருந்தோ அளவின்றி உட்கொள்ளப்படுகின்றது. இவ்விரு குறைகளும் நீங்குமாயின் நாவல் மரத்தால் நாம் அடையும் பயன் பெருகும். அதனால் நேரக்கூடிய தீங்கும் ஒழியும். அதற்கு வேண்டிய செய்திகளைக் கமக்காரர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்தின் இயல்பு

நாவல் என்றும் பசுமை மாறாத பெருமரம். கொய்யா, கராம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்கள மக்கள் இதனை மாதன் என்பர். பாரத நாட்டை நாவலந்தீவு எனப் பண்டையோர் வழங்கியது இம்மரத்தின் பெயராலேயே. ஔவையாருக்கு முருகப்பெருமான் சுட்ட பழமும் சுடாத பழமும் காட்டிய கதையில் வருவதும் நாவற்பழமே.

வன்னியின் காலநிலை ஆண்டின் ஒரு பகுதியில் வெள்ளத்தையும் மற்றொரு பகுதியில் கடும் வரட்சியையும் தருவது. இவ்விரண்டையும் தாங்கும் பழமரங்கள் மிகச் சிலவே. நாவல் அவற்றுள் ஒன்று. மாரியில் அடிமரத்தைச் சூழ்ந்து பல நாள் நீர் நின்றாலும் இது பட்டுப்போவதில்லை. வேர் ஆழ ஊன்றியபின் கோடையில் நீரிறைக்க வேண்டியதுமில்லை. இதன் பூக்களைத் தேனீக்கள் விரும்பி நாடும். மரம் வன்மையானது, நீரிற் கிடந்தாலும் எளிதில் உக்காது. அன்றியும், குளத்தின் மேற்புறத்தே நீர் நிரம்பும் எல்லையை அடுத்து நிற்கும் நாவலும் மருதும் காற்றின் வேகத்தைத் தணித்து, அள்ளுண்டு வரும் மண்ணையும் தடுத்து நிறுத்துகின்றன. ஆகையால், புதிதாக நிலந் திருத்துவோர் நீரோடைக் கரைகளில் நிற்கும் நாவல் மரங்களைக் கண்மூடி வெட்டுதல் ஆகாது.

பழத்திலுள்ள சத்துக்கள்

நூறு கிராம் நாவற்பழச் சதையில் ஏறக்குறைய 83 கிராம் நீர். சர்க்கரை முதலிய மாப்பொருட் சத்து சுமார் 15 கிராமும், விற்றமின் சீ சுமார் 14 மில்லிகிராமும் உள்ளன. அதிலிருந்து உடம்பு பெறும் வெப்பம் 60 கலோரி அளவினது. வெயிலில் உழைப்போர்க்கு இது நாவரட்சி நீக்கும் நல்ல சிற்றுணவு.

பழத்தின் கருநிறத்தைக் கண்டு, இது இரும்புச்சத்து நிறைந்தது, இரத்தத்தை ஊறச் செய்வது என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்தாது. அந்நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்னும் சாயப்பொருள். நாவற்பழத்தில் இரும்புச்சத்து மிகச் சிறிதளவே உண்டு. இரத்தச் சோகையுள்ள கர்ப்பிணிகளும் சிறுவரும் நாவற்பழத்தை நம்பியிராது, கீரை, பயறு, மீன், முட்டை ஆகியவற்றை உண்பதோடு, தாய் சேய் நலக் கிளினிக்கில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளையும் தவறாது உட்கொள்ளல் வேண்டும்.

பழத்தின் துவர்ப்புக்குக் காரணம் தனின் என்னும் பொருள். தேயிலையிலும் இது உண்டு. அளவுக்கு மிஞ்சி உண்டால் தொண்டை கரகரத்து மலம் இறுகுவது இதனாலேயே. துவர்ப்பைத் தணிக்க உப்பிட்டுக் குலுக்கி உண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவர்கள் உப்பைத் தவிர்த்து, நன்கு கனிந்த பழத்தையே உண்ணுதல் வேண்டும்.

நாட்டு வைத்தியத்தில் நாவல்

சித்த வைத்தியரும் ஆயுள்வேத வைத்தியரும் நாவலின் பழம், கொட்டை, பட்டை, இலை ஆகிய நான்கையும் வெவ்வேறு பிணிகளுக்கு வெவ்வேறு முறையிற் கையாள்வர். துவர்ப்புச் சுவைக்குக் கட்டும் இயல்பு உண்டு என்பது அவர்தம் கொள்கை. அதற்கேற்பப் பட்டையின் கசாயத்தை வயிற்றோட்டத்துக்குக் கொடுப்பர். வாய்ப்புண்ணுக்கும் பல்லீறு வீக்கத்துக்கும் அதனைக் கொண்டு வாய் கொப்புளிக்கச் செய்வர். கொட்டையின் சூரணத்தை நீரிழிவுக்கு வழங்குவர்.

பல கறுத்த பழங்கள் இருக்க, ஒன்றன் குணத்தை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறும் தவறு மக்களிடையே காணப்படுகின்றது. இதனை விளக்குதற்கு, நாவலைப் போலவே நாவைக் கறுப்பாக்கும் வேறொரு பழத்தைச் சீன நாட்டார் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என நோக்குதல் நன்று.

சீனரின் முசுக்கட்டை

பட்டுப்புழுவுக்கு இலையை உணவாகத் தரும் முசுக்கட்டையை, மல்பெரி என்ற பெயரால் நம்மவர் அறிவர். வீட்டு வளவுகளிலும் இது சிற்சில இடங்களில் வளர்க்கப்படுகின்றது. பட்டுத் தொழிலிற் சிறந்த சீன நாட்டார் இம்மரத்தை நெடுங்காலமாக மருந்துக்கும் பயன்படுத்தி வருகின்றனர். 1578 ஆம் ஆண்டில் இலீ சீசென் என்னும் சீன மருத்துவர் எழுதி முடித்த பெரும் மருந்துநூலிலும் முசுக்கட்டை இடம்பெற்றுள்ளது.

சீன வைத்தியத்தில் இம்மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பயன் உண்டு. இலை தடிமன், இருமல், கண் சிவப்பு ஆகியவற்றுக்கும், வேர்ப்பட்டை நெஞ்சுச் சளிக்கும் உடல் வீக்கத்துக்கும், இளங்கிளை கை கால் மூட்டு நோவுக்கும் கொடுக்கப்படும். பழமோ இரத்தத்தையும் உடலின் ஈரத்தையும் பெருக்குவது என அவர்கள் கொள்வர். தலைச்சுற்று, காதிரைச்சல், இளநரை, நாவரட்சி, முதியோர்க்கு உண்டாகும் மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு அதனைத் தருவர். வயிறு இளகியிருப்போர்க்கு முசுக்கட்டைப் பழத்தை அவர்கள் விலக்குவர்.

இவ்வேற்றுமையைக் கவனித்தல் வேண்டும். முசுக்கட்டை மலத்தை இளக்குவது. நாவல் மலத்தைக் கட்டுவது. நிறத்தால் ஒத்த இரு பழங்கள் குணத்தால் மாறுபடுகின்றன. சத்திலும் அவை ஒன்றல்ல. நூறு கிராம் முசுக்கட்டைப் பழத்தில் விற்றமின் சீ சுமார் 36 மில்லிகிராமும் இரும்புச்சத்து 2 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளன. இவையிரண்டும் நாவலினும் மிகுதி.

முசுக்கட்டை நமக்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. அதன் இலையிலும் வேர்ப்பட்டையிலும் கிளையிலும், குடலில் மாப்பொருள் சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்தும் பொருள் உண்டென்பதை அறிவியலார் கண்டறிந்துள்ளனர். இளங்கிளையிலிருந்து அத்தகைய பொருள்களைப் பிரித்தெடுத்துச் செய்த மாத்திரையை, நீரிழிவு நோய்க்கான மருந்தாகச் சீன அரசு 2020 ஆம் ஆண்டில் அங்கீகரித்தது. கிளையைக் கண்டபடி அவித்துக் குடிக்குமாறு அவர்கள் கூறவில்லை. பொருளைப் பிரித்து, அளவை வரையறுத்து, நோயாளரிடம் சோதித்து, பயனும் தீங்கும் அறிந்த பின்னரே அனுமதி வழங்கினர். மரபு வழி வந்த மருந்து நம்பத்தக்கதாவது இவ்வாறே.

நாவற்கொட்டையும் நீரிழிவும்

1921 ஆம் ஆண்டில் கனடா நாட்டில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை, நீரிழிவுக்குத் தக்க மருந்து உலகில் எங்கும் இருந்ததில்லை. அதற்கு முன்னர், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பிய மருத்துவரும் நம் நாட்டு முறையைக் கேள்வியுற்று நாவற்கொட்டையைத் தம் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். இன்சுலின் வந்தபின் அவ்வழக்கம் அங்கே மறைந்தது.

எலிகளில் நடத்திய சோதனைகள் பலவற்றில் நாவற்கொட்டைச் சாறு இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைத்தது உண்மை. ஆயின், எலிக்குப் பயன்பட்டது அவ்வாறே மனிதர்க்கும் பயன்படும் எனக் கொள்ளுதல் இயலாது. பிரேசில் நாட்டில் நாவல் இலைத் தேநீரை நீரிழிவு நோயாளர் சிலர்க்கும், மருந்தற்ற போலித் தேநீரை வேறு சிலர்க்கும், வழக்கமான மாத்திரையை மற்றுஞ் சிலர்க்கும் கொடுத்து ஒப்பிட்டனர். 2004 ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி, மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது. நாவல் இலைத் தேநீர் குறைக்கவில்லை.

ஆகவே கமக்காரர் மனத்திற் பதிக்கவேண்டியது இதுவே: நாவற்கொட்டைத்தூள், வைத்தியசாலையில் தரப்படும் மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ ஈடாகாது. பழக்காலம் வந்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவோர்க்குச் சர்க்கரை மெல்ல ஏறும். நோவு தோன்றாமையால் அவர் அதனை உணரார். பின்னர்க் காற்புண் ஆறாமை, கண்பார்வை மங்கல், சிறுநீரகக் கேடு என்பனவாகவே அது வெளிப்படும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் நெற்செய்கையாளர்க்குக் காற்புண் எத்துணைக் கொடியது என்பதை விரிக்க வேண்டியதில்லை.

மாத்திரையோடு கொட்டைத்தூளையும் சேர்த்து உட்கொள்வதும் ஆராயாமற் செய்யத்தக்கதன்று. இரண்டும் கூடிச் சர்க்கரையை மிகவுங் குறைத்துவிடக் கூடும். உணவின்றி வயலில் தனித்து வேலை செய்யும்போது வியர்வை, நடுக்கம், கடும் பசி, தலைச்சுற்று, மனத்தடுமாற்றம் ஆகியன தோன்றின் சர்க்கரை தாழ்ந்துவிட்டதென அறிக. உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடித்து, நிழலில் இருந்து, பின் உணவு கொள்ளல் வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை ஒருக்களித்துக் கிடத்தி, 1990 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டு நோயாளர் காவு வண்டியை வரவழைத்தல் வேண்டும்.

சிறுநீரக நோயாளர் இன்னும் மிக்க எச்சரிக்கையுடன் இருத்தல் அவசியம். காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990 களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டது. அதனையடுத்த வவுனியாப் பகுதியிலும் அந்நோய் உண்டு. பழுதுற்ற சிறுநீரகம் எந்த மருந்துத் தூளையும் வெளியேற்ற இடர்ப்படும். சித்த மருந்தை விரும்புவோர் தகுதிபெற்ற பதிவுசெய்த வைத்தியரை நாடி, தாம் உட்கொள்ளும் ஏனைய மருந்துகளை அவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். ஆங்கில வைத்தியரிடத்தும் அவ்வாறே கூறுக. எவரும் கோபிப்பார் என்று அஞ்சி மறைத்தல் நமக்கே கேடாகும்.

நீரிழிவுள்ளவர் பழத்தையே உண்ணலாகாதோ எனின், உண்ணலாம். ஆயின் அதிலும் சர்க்கரை உண்டென்பதை மறவாது, சிறு கைப்பிடியளவோடு நிறுத்துக. சீனி சேர்த்த நாவற்பாணி அவர்க்கு ஆகாது.

பழஞ் சேகரிக்கும் முறை

நாவல், மா வாழைகளைப் போலப் பறித்தபின் பழுக்கும் இயல்பினதன்று. மரத்திலேயே நன்கு கறுத்துக் கனிந்த பழத்தையே எடுத்தல் வேண்டும். கனிந்த பழம் வெளியில் இரண்டொரு நாளே தாங்கும். எனவே நாள்தோறும் அதிகாலையிற் சேகரித்தல் சிறந்தது. மரத்தின் கீழ் வலையையோ சுத்தமான படங்குத் துணியையோ விரித்துக் கிளையை மெல்ல உலுக்கினால் பழம் மண்படாது வீழும். நாவற்கிளை எளிதில் முறியக்கூடியது; உயரக் கிளைகளில் ஏறிப் பறிப்பதைத் தவிர்க்க. பழத்தை ஆழமற்ற கடகங்களிலோ கூடைகளிலோ இடுக. சாக்கில் நிரப்பினால் நசுங்கிவிடும்.

வயலோரத்து மரமாயின், பயிருக்கு மருந்து தெளித்த நாளை நினைவிற்கொண்டு, தெளித்தபின் உதிர்ந்த பழத்தைச் சிறுவர் பொறுக்கி உண்ணாதபடி தடுக்க. எப்பழத்தையும் நன்னீரிற் கழுவியே உண்ணல் வேண்டும். காடோரங்களில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய இடத்துள் பழத்தின் பொருட்டுக் கால்வைத்தலும் ஆகாது. சிறுவர்க்கு இதனை ஆண்டுதோறும் நினைவூட்டுக.

அழுகியும் புழுத்தும் கிடக்கும் பழங்களை மரத்தடியில் விடாது, அரை மீற்றர் ஆழத்துக்குக் குறையாமற் புதைத்துவிடுக. அவற்றிற் பெருகும் பழ ஈ, வளவிலுள்ள மாவையும் கொய்யாவையும் தாக்கும்.

நாவற்பாணி

ஒருசேரப் பழுத்த பழத்தைச் சில நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க இயலாதவிடத்து, பாணியாக்கி வைத்தல் தக்க வழி. கழுவிய பழத்தைக் கையாற் பிசைந்து, கொட்டையை உடைக்காது, சிறிது நீர் சேர்த்து இளஞ்சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் சாறும் நிறமும் இறங்கும். அதனை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு லீற்றர் சாற்றுக்கு ஒரு கிலோகிராம் சீனியும் மூன்று தேசிக்காயின் சாறும் கூட்டிக் கொதிக்க வைத்து, சூடாயிருக்கும்போதே கொதிநீரிற் சுத்திசெய்த கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி இறுக மூடுக. இரும்பு, அலுமினியப் பாத்திரங்களைத் தவிர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தையோ மண்பானையையோ பயன்படுத்துக. பயிர்மருந்து இருந்த வெறும் போத்தலை எத்தனை முறை கழுவினும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கூட்டாக இம்முயற்சியில் ஈடுபட்டால், நிலத்தில் அழுகும் பழம் வீட்டுக்கு வருவாயாகும். ஆயின் விற்கும் போத்தலில் "சலரோகத்தைத் தீர்க்கும்" என எழுதுதல் பெருந்தவறு. வாங்குவோர் நோயாளராயின், அப்பாணியே அவர்க்குத் தீங்காய் முடியும்.

கன்று வளர்த்தல்

நாவல் விதை நெடுநாள் உயிர்ப்புடன் இராது. பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி, உலரவிடாது, பத்து நாட்களுக்குள் விதைத்தல் வேண்டும். பெரிய, சதைப்பற்று மிக்க, துவர்ப்புக் குறைந்த பழந்தரும் மரத்தின் விதையையே தெரிந்தெடுக்க. மேல்மண், மணல், உக்கிய எரு ஆகியவற்றைச் சமமாய்க் கலந்து நிரப்பிய ஆழமான பொலிதீன் பைகளில் ஒவ்வொன்றாக ஊன்றி, நிழலில் வைத்து நீர் தெளித்து வருக. ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் தோன்றுவதுண்டு. வலியதொன்றை விட்டு ஏனையவற்றை நீக்குக.

அடுத்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையோடு கன்றை நடலாம். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் 60 சென்ரிமீற்றர் அளவினதாகக் குழி வெட்டி, மேல்மண்ணும் உக்கிய எருவும் இட்டு நடுக. மரத்துக்கு மரம் 10 முதல் 12 மீற்றர் இடைவெளி வேண்டும். முதல் இரண்டு கோடைகளிலும் நீரூற்றி, அடியில் வைக்கோல் பரப்பி, ஆடு மாடு கடியாதபடி முள்வேலி இடுக. விதைக்கன்று காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் செல்லும். ஒட்டுக்கன்று ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளிற் காய்க்கும்.

குளக்கட்டின்மேல் நாவலையோ வேறெந்தப் பெருமரத்தையோ நடுதல் தகாது. வேர் ஊடுருவிய வழியே நீர் கசிந்து கட்டு பழுதாகும். வீட்டுச் சுவர், கிணறு ஆகியவற்றுக்கு அண்மையிலும் நடற்க. வளவின் எல்லை, நீரோடைக் கரை, மேய்ச்சற்றரை என்பனவே ஏற்ற இடங்கள்.

முசுக்கட்டையை விரும்புவோர், பென்சிற் பருமனும் 20 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள, மூன்று நான்கு அரும்புகள் கொண்ட முற்றிய தடியை மாரித் தொடக்கத்தில் ஊன்றி வளர்க்கலாம். அது விரைவிற் காய்க்கும். கவ்வாத்து செய்த இலை ஆடுகளுக்கு நல்ல தீன். ஆயின் நாவலைப் போல நீரூற்றாது கோடையைக் கடக்கும் வன்மை அதற்கு இல்லை.

முடிவுரை

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபின், மீளக் குடியமர்ந்த வளவுகள் பலவற்றில் முதலில் கிடைத்த நிழல், முன்னோர் விட்டுச்சென்ற மரங்களின் நிழலே. நாம் இன்று நடும் நாவலின் நிழலும் கனியும் நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் உரியன. பழத்தை உணவாக உண்க, எஞ்சியதைப் பாணியாக்குக, நல்ல விதையை மண்ணில் ஊன்றுக. கொட்டையை மருந்தாகக் கொள்ளக் கருதுவோர் வைத்தியரைக் கேட்ட பின்னரே கொள்க. கிளினிக் மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தற்க. கன்று, நடுகை, பழம் பதனிடல் பற்றி மேலும் அறிய விரும்புவோர், தத்தம் பகுதியிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்துக் கேட்டறிந்து கொள்வாராக.